கிளடிஸின் போறணை

மே 6, 2025 — செவ்வாய்

இன்றும் காலை ஏழரைக்கு கிளடிஸை மியூசியத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டேன். எங்கள் வீடு இருக்கிற மல்வேர்னிலிருந்து வடக்கே முப்பத்தைந்து நிமிட ஓட்டம். காருக்குள் இருந்தபடியே தொப்பியைப் போட்டுக்கொண்டாள். வெள்ளைத் துணித் தொப்பி, திருமுழுக்குக்குக் குழந்தைக்குப் போடுகிற மாதிரி. சிவப்பு லைட்டில் பக்கத்துக் காரில் இருந்தவன் திரும்பிப் பார்த்தான். நான் நேரே றோட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அறுபத்துமூன்று வயதில் எனக்கு இது தேவையா? இருபத்திரண்டு வருடம் பாண் பக்டரியில் பிரெட் மெஷினோடு நின்றவள். ஜனவரியில் அதை மூடினார்கள். சரி, வீட்டில் இரும் என்றேன். முழங்கால் போன பிறகு நானும் வீட்டில்தானே. கேட்டாளா? மகள் நிரோஷினி கம்ப்யூட்டரைத் தட்டி, பழைய வீட்டு மியூசியம் ஒன்றில் சமையல் செய்து காட்ட ஆள் தேவை என்ற விளம்பரத்தைப் பிடித்துக் கொடுத்தாள். அமெரிக்கா பிரித்தானியரின் கொலனிகளாக இருந்த காலத்தில், ஆயிரத்து எழுநூற்று அறுபதுகளில், பென்சில்வேனியாவில் ஒரு குடும்பம் எப்படிச் சமைத்தது, எதை உடுத்தது என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்களாம். அந்தக் குடும்பத்தின் பேரப்பிள்ளைகள்தான் பிறகு வடக்கே கனடாவுக்கு வந்து இந்த வீட்டைக் கட்டினார்களாம். கிளடிஸுக்கு வேலைக்காரி உடுப்பு. முன் அறையில் பட்டு உடுப்போடு கதிரையில் இருப்பது ஒரு யூனிவர்சிற்றிப் பெட்டை.

"பட்டு அவளுக்கு, ஏப்ரன் உமக்கோ?" என்று கேட்டேன்.

"பட்டு உடுத்தால் நாள் முழுக்கக் கதிரையிலை இருக்க வேணும். எனக்கு அலுக்கும்," என்றாள்.

ஜூன் 27 வரை புரபேசன். அதற்குப் பிறகுதான் வைத்திருப்பார்களா, அனுப்புவார்களா என்று தெரியும். அனுப்பினால் நல்லது. வெளியே சொல்லமாட்டேன், இங்கே எழுதி வைக்கிறேன்.

மே 7 — புதன்

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடுதான் உள்ளே போயிருக்கிறாள். ஒரு கிழமையாக ஒருவரும் கவனிக்கவில்லை. இன்றைக்கு அவளுடைய மனேஜர் மெலனி கண்டு பதறிவிட்டாளாம். அடுப்பங்கரையில் தணல் சிதறுகிற இடம், கட்டாயம் தோல் சப்பாத்து போட வேணுமாம்.

"ஆரின்ரையோ வீட்டுக்குள்ளை சப்பாத்தோடை போறதே? எனக்குக் கால் கூசுது," என்கிறாள். எத்தனையோ வருடமாய் ஆள் இல்லாத வீட்டுக்கு இவ்வளவு மரியாதை.

மே 11 — ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வர அன்புராசா பிடித்துக்கொண்டான். பங்கில் யாருக்கு என்ன நடந்தாலும் குருவானவருக்கு முதல் அவனுக்குத் தெரியும். "என்ன அண்ணை, அக்கா திரும்ப வேலைக்குப் போறாவாம். எங்கை?"

"மியூசியத்திலை."

"மியூசியத்திலை என்ன?"

"ஒபிசிலை," என்றேன்.

வாயில் அப்படித்தான் வந்தது. கிளடிஸ் அந்தப் பக்கம் யாரோடோ கதைத்துக்கொண்டு நின்றாள், கேட்கவில்லை. ஒபிஸ் என்றதும் அன்புராசாவின் முகத்தில் ஒரு மதிப்பு வந்தது. அதைப் பார்க்க எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. பிறகு வீட்டுக்கு வந்து அன்னையர் தினம் என்று நிரோஷினி கொண்டுவந்த கேக்கைச் சாப்பிட்டேன். இனிக்கவில்லை.

மே 14 — புதன்

கிளடிஸ் ஒரு தடித்த கோப்பைக் கொண்டுவந்து மேசையில் போட்டாள். எல்லாம் ஆங்கிலம். "வாசிச்சுச் சொல்லுங்கோ. உங்களுக்கு வாசிக்க வரும், எனக்குச் செய்ய வரும்."

ஏனோதானோ என்று தொடங்கினேன். மத்தியானம் சாப்பிட மறந்துபோனேன்.

என்ன சனமப்பா இது! ஒரு சட்டை வேண்டுமென்றால் கடைக்குப் போகவில்லை, விதைத்திருக்கிறார்கள். ஆளிவிதை என்று கொலஸ்ட்ரோலுக்கு நான் கரண்டியால் விழுங்குகிறேனே, அந்தச் செடி. அதைப் பிடுங்கி, தண்ணீரில் அழுகப்போட்டு, அடித்து, நாரை உரித்து, சீவி, நூற்று, நெய்து, வெயிலில் வெளுத்து — விதை சட்டையாக ஒரு வருடத்துக்கு மேல். அடுப்புச் சாம்பலை எறிவதில்லை, அதிலிருந்து காரநீர் வடித்துக் கொழுப்போடு காய்ச்சிச் சவர்க்காரம். மாடு அடித்தால் அந்தக் கொழுப்பில் குளிர்காலம் முழுவதற்கும் மெழுகுதிரி. கையில் காசு அருமை. வெண்ணெயையும் முட்டையையும் நூலையும் கொண்டுபோய்க் கடையில் கொடுத்து உப்பு, ஊசி, தேயிலை. ஒருவனுக்குக் களஞ்சியம் கட்ட ஊரே வந்து நிற்கும், அடுத்த மாதம் அவன் போய் மற்றவனுக்கு நிற்பான்.

பிறகு பிரித்தானியர் வரிக்கு மேல் வரி போட, பெண்கள் கூடி இருந்து இராட்டினம் சுற்றி, உன் துணி எங்களுக்கு வேண்டாம் என்று தாங்களே நெய்து உடுத்தியிருக்கிறார்கள். கதர் கதை. அவர்கள் அதை இந்தியாவுக்கு ஒன்றரை நூற்றாண்டு முந்திச் செய்திருக்கிறார்கள். எனக்கு இது தெரியாமல் போயிற்றே.

பின்னேரம் கிளடிஸுக்கு எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். கடைக்காரனின் கணக்குக் கொப்பியில் புருசனின் பெயர்தான் இருக்குமாம், வெண்ணெய் அடித்தவள் பெண்சாதியாக இருந்தாலும் என்றேன்.

"அப்பவும் அப்பிடித்தானோ," என்றுவிட்டுக் கறியைப் பிரட்டினாள்.

மே 20 — செவ்வாய்

இன்றைக்கு முழங்கால் பரவாயில்லை. மியூசியத்துக்கு உள்ளே போய்ப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டும், எப்போதோ.

அந்த வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் சுவரோடு சேர்த்துக் கட்டின செங்கல் போறணை ஒன்று இருக்கிறது. ஊர்ப் பேக்கரியில் பாண் சுடுவதற்கு இருக்குமே, அதேதான், கொஞ்சம் சிறிது. உள்ளே விறகை அடுக்கி இரண்டு மணித்தியாலம் எரிக்கிறாள். முதலில் செங்கல் எல்லாம் புகைபிடித்துக் கன்னங்கரேலென்று ஆகிறது. சூடு ஏற ஏற அந்தக் கரி தானாக எரிந்து, கல் வெளுக்கிறது. வெளுத்தால் சூடு காணும், போதும். தணலை வாரி எடுத்து, ஈர விளக்குமாற்றால் தரையைத் துடைத்து, பிறகு கையை உள்ளே விடுகிறாள்.

சூடுமானி இல்லை. கைதான். அந்தக் காலத்தவர்கள் எண்ணிப் பார்ப்பார்களாம், எத்தனை எண்ணும் வரை கை தாங்குகிறது என்று. கிளடிஸ் எண்ணவில்லை, உதடு அசைந்தது. கிட்டப் போய்க் கேட்டால் 'அருள் நிறைந்த மரியே' சொல்கிறாள். முழுதாய்ச் சொல்லி ஆமென் வரும் வரை கை தாங்கினால் பாணுக்குச் சரியான பதம். பாதியில் இழுத்தால் இன்னும் ஆற வேணும். ஆமென்னும் சொல்லிக் கையும் சும்மா இருந்தால் சூடு காணாது.

மெலனி சிரித்தாள். இது புரட்டஸ்தாந்து வீடு, இந்தச் சுவர்கள் மாதா மந்திரத்தைக் கேட்டே இருக்காது என்றாள். ஆனால் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

பாண் வந்தது. நல்ல மண் நிறம். தட்டிப் பார்த்தால் வெறும் பெட்டி போலச் சத்தம். இருபது பிள்ளைகள் வாயைத் திறந்தபடி நின்றார்கள், இருபத்தோராவது ஆள் நான்.

வரும்போது காரில் கேட்டேன், பக்டரியில் ஒரு நிமிடத்தில் நூறு பாண் போகுமே, இது அலுப்பாக இல்லையா என்று. "அங்கை நான் பொத்தானை அமத்தினனான். பாண் ஆர் சுட்டது எண்டு எனக்குத் தெரியாது. இது நான் சுட்டது," என்றாள்.

நாற்பது வருடமாகப் பக்கத்தில் இருக்கிறவள். இப்படிக் கதைப்பாள் என்று எனக்குத் தெரியாது.

மே 27 — செவ்வாய்

அனர்த்தம். எழுத்தில் எச்சரிக்கை கொடுத்துவிட்டார்கள்.

நடந்தது இதுதான். பாண் வெந்த வாசத்தில் ஒரு சின்னப் பெட்டை போகாமல் நின்றிருக்கிறாள். சாப்பாட்டுப் பெட்டியை வீட்டில் மறந்துவிட்டு வந்தவளாம். கிளடிஸ் சுடச்சுட ஒரு துண்டு பிட்டு வெண்ணெய் பூசிக் கொடுத்துவிட்டாள். ரீச்சர் கண்டு மெலனியிடம் போனா. செய்து காட்டுகிற சாப்பாட்டைப் பார்வையாளருக்குக் கொடுக்கக்கூடாது. அந்தக் குசினியைச் சுகாதாரப் பகுதி பார்க்கிறதில்லை. பிள்ளைக்கு ஏதும் ஒவ்வாமை இருந்திருந்தால்? மெலனி சொல்வது சரிதான். இன்னொரு முறை நடந்தால் அன்றோடு வேலை முடிந்தது என்று கடிதத்தில் இருக்கிறது. வாசித்துச் சொன்னவன் நான்.

"சமைக்கிறதைப் பார்த்துக்கொண்டு நிண்ட பிள்ளையை வெறும் வாயோடை அனுப்பிறதே? அதுவும் பசிச்ச பிள்ளை."

"சட்டம் அது."

"மிச்சப் பாண் எங்கை போகுது தெரியுமே? குப்பைக்கு. நான்தான் கொண்டுபோய்க் கொட்ட வேணும். அதுதான் எனக்கு..." முடிக்கவில்லை. அழுதாள். கடிதத்துக்கு அழவில்லை, பாணுக்கு அழுதாள்.

மூன்று கிழமைக்கு முன் இந்த வேலை போனால் நல்லது என்று எழுதியிருக்கிறேன். இன்று அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். இப்போது போகக்கூடாது போல இருக்கிறது. கேட்டால் ஏன் என்று சொல்லத் தெரியாது.

மே 28 — புதன்

நாலு பாண் சுட்டாளாம். ஒருவருக்கும் கொடுக்கவில்லையாம். நாலும் குப்பைக்கு.

ஜூன் 3 — செவ்வாய்

பின்னேரம் வீட்டுக்கு வரும் வழியில் கார் ஸ்டீல்ஸ் றோட்டுக்கு வந்தது. அங்கே வைத்துத்தான் சொன்னாள். ஒரு பிள்ளை கையை உயர்த்திக் கேட்டதாம்: உங்களைப் போல ஆட்கள் அந்தக் காலத்தில் உண்மையாகவே இங்கே இருந்தார்களா, இல்லாவிட்டால் நீங்கள் சும்மா வேஷமா?

"நீர் என்ன சொன்னீர்?"

"தெரியாது எண்டு சொன்னன். எனக்குத் தெரியாதுதானே. அந்தப் பிள்ளையும் எங்கடை நிறம்தான். அதின்ரை முகம் விழுந்துபோச்சு." தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தாள். "நீங்கள் வாசிக்கிற ஆள்தானே. தேடிப் பார்த்துச் சொல்லுங்கோ. இருந்தவையோ, இல்லையோ. இல்லையெண்டால் இல்லையெண்டே சொல்லுவன்."

ஜூன் 6 — வெள்ளி

மூன்று நாளாய் லைப்ரரி. மல்வேர்னில் இல்லாத புத்தகங்களை வேறு கிளையிலிருந்து எடுப்பித்துத் தந்தார்கள். இன்று பின்னேரம் மூன்று மணிக்குக் கண்டேன். கதிரையை விட்டு எழும்பிவிட்டேன்.

இருந்திருக்கிறார்கள்.

நிறையப் பேர் இல்லை. இந்தியாவிலிருந்து கிழக்கிந்தியக் கம்பனிக் கப்பல்களில் வேலைக்காரராக இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கிருந்து வேர்ஜினியாவுக்கும் மேரிலாந்துக்கும் போனவர்கள். சிலர் ஒப்பந்தத்தில். கப்பல் ஏற்றிவிட்டதற்கு ஈடாக இத்தனை வருடம் ஒருவனுக்கு உழைக்க வேண்டும், அதுவரை அவன் விட்டால்தான் அசையலாம். வெள்ளைக்காரரிலும் அரைவாசிக்கு மேல் அப்படித்தான் வந்திருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் சிலரை அடிமையாகவே வைத்துக்கொண்டார்கள்.

இது எப்படித் தெரியவந்தது என்றால், ஓடியிருக்கிறார்கள். எசமான் பத்திரிகையில் விளம்பரம் போட்டிருக்கிறான்: கிழக்கிந்தியன் ஒருவன் ஓடிவிட்டான், இன்ன உயரம், இன்ன நிறக் கோட்டு, பிடித்துத் தருபவருக்குச் சன்மானம். எசமான் கோபத்தில் எழுதிய நாலு வரி. அதனால்தான் அவர்கள் இருந்தது எங்களுக்குத் தெரிகிறது. பெயர்கள் எல்லாம் எசமான் வைத்த இங்கிலீசுப் பெயர். தாய் வைத்த பெயரை ஒருவனும் எழுதவில்லை.

கடலுக்கு அங்காலே, மொழி தெரியாத காட்டில், ஒளிக்க ஒரு சொந்தக்காரன் இல்லாத இடத்தில், என் நிறத்தோடு ஒருவன் ஓடத் துணிந்திருக்கிறான். நான் எண்பத்தொன்பதில் ஏஜென்சிக்காரனின் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று நாடு தாண்டிக் கனடாவுக்கு வந்ததைப் பெரிய வீரம் என்று இவ்வளவு நாளும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவன் எங்கே, நான் எங்கே.

ஜூன் 7 — சனி

கிளடிஸுக்கு ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். பாடமாக்கச் சொன்னேன். வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தாள். "இது வங்கிக்கு எழுதின கடிதம் மாதிரிக் கிடக்கு. எனக்குக் கதையைத் தமிழிலை சொல்லுங்கோ. நான் என்ரை இங்கிலீசிலை சொல்லுறன்."

மூன்று தரம் சொல்வித்தாள். மூன்றாம் தரம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

ஜூன் 12 — வியாழன்

இதை எழுதக் கை வரவில்லை.

அன்புராசா இன்று மியூசியத்துக்குப் போயிருக்கிறான். பேத்தியின் வகுப்பைக் கூட்டிக்கொண்டு போகப் பெரியவர்கள் தேவைப்பட்டதாம், இவன் கையை உயர்த்தியிருக்கிறான். வேறு யார் உயர்த்துவார்கள்? அடுப்படிக்குள் வந்து கிளடிஸைத் தொப்பியும் ஏப்ரனுமாகக் கண்டிருக்கிறான்.

பகிடியாகத்தான் கேட்டிருக்கிறான்: "என்னக்கா, தெரிஞ்ச ஆளுக்கு ஒரு துண்டு பாண் தரமாட்டியளோ?" அவள் அந்தக் கடிதத்தை நினைத்து, மாட்டேன் என்றிருக்கிறாள். எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் சாப்பிடாமல் போகவிடாதவள், சூடான பாணை முன்னுக்கு வைத்துக்கொண்டு, தெரிந்த மனிசனுக்கு இல்லை என்று சொல்லிக் கூனிக் குறுகி நின்றிருக்கிறாள். அப்போதுதான் அவன் மற்றதைக் கேட்டிருக்கிறான்.

"அது சரி அக்கா, அண்ணை ஒபிசிலை வேலை எண்டல்லோ சொன்னவர்?"

காரில் ஏறியதும் சீற் பெல்ற்றைப் போட்டாள். முன்னுக்குப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: "நான் உங்களுக்கு வெக்கமாய் இருக்கிறனோ?"

இல்லை என்று சொன்னேன். பிறகு, அவன் துருவித் துருவிக் கேட்டான் என்றேன். பிறகு, வேலைக்காரி உடுப்பு என்று எப்படிச் சொல்லுறது என்றேன். ஒவ்வொன்றும் முந்தினதை விடக் கேவலமாக வெளியே வந்தது. அவள் றேடியோவைப் போட்டாள். ஏசியிருந்தால் நான் திருப்பி ஏசியிருப்பேன், சமாளித்திருக்கலாம்.

ஜூன் 13 — வெள்ளி

ஐந்தே முக்காலுக்கு எழும்பிப் பார்க்கிறேன், ஆள் இல்லை. மூன்று பஸ் மாறிப் போயிருக்கிறாள்.

ஜூன் 15 — ஞாயிறு

தந்தையர் தினமாம். நிரோஷினி வந்தாள். தாயும் மகளும் குசினிக்குள். போகும்போது மகள் வாசலில் நின்று, "அப்பா, யூ நீட் ரு ஃபிக்ஸ் திஸ். அம்மாக்கு வேலை போனாலும் பரவாயில்லையாம். நீங்கள் அப்படிச் சொன்னதுதான் அவவுக்குக் கவலை," என்றாள். ஒரு சேட் தந்தாள். அளவாய் இருக்கிறது.

ஜூன் 18 — புதன்

இன்றும் பஸ். நேற்றும் பஸ். மழை.

சாப்பாடு போட்டுத் தருகிறாள், மருந்தை எடுத்து வைக்கிறாள். தேவைக்கு மட்டும் கதை. நானும் எத்தனை நாளுக்கு? பின்னேரம் உண்மையைச் சொன்னேன். கிளடிஸ், எனக்கு உம்மில் வெட்கம் இல்லை, அந்த ஏப்ரனில்தான் வெட்கம் என்றேன். அம்மாவை உமக்குத் தெரியும்தானே. மன்னாரில் முதலாளி வீட்டில் சமைத்தவ, பின்வாசலால் போய்ப் பின்வாசலால் வந்தவ. பள்ளிக்கூடத்தில் என்னை வேலைக்காரி மரியம்மாவின்ரை பெடியன் என்றுதான் கூப்பிட்டார்கள். என்ரை பெண்சாதி ஒரு நாளும் அப்படி நிற்கக்கூடாது என்று பன்னிரண்டு வயதில் மனதுக்குள் வைத்துக்கொண்டேன். ஐம்பது வருடம் உள்ளே வைத்திருந்ததை ஒரு மூச்சில் சொல்லி முடித்தேன்.

உடுப்பு மடித்துக்கொண்டு இருந்தாள். கையை நிறுத்தினாள்.

"மாமி அந்த அடுப்பிலை நிண்டுதானே உங்களைப் படிப்பிச்சவ. அவவையும் ஒபிசிலை வேலை எண்டோ சொன்னனீங்கள்?"

சொல்லியிருக்கிறேன். கொழும்பில் முதல் வேலைக்குப் போனபோது, தாய் என்ன செய்கிறா என்று கேட்டார்கள். ரீச்சர் என்று சொன்னேன். இதைக் கிளடிஸுக்குச் சொல்லவில்லை. என் முகத்திலேயே வாசித்திருப்பாள்.

ஜூன் 22 — ஞாயிறு

பூசை முடிய நானே அன்புராசாவைத் தேடிப் போனேன். நாலைந்து பேர் சுற்றி நின்றார்கள். நல்லது என்று நினைத்தேன்.

"அன்புராசா, நான் உமக்குப் பொய் சொன்னனான். கிளடிஸ் ஒபிசிலை இல்லை. அடுப்படியிலை. விறகு எரிச்சுப் பாண் சுடுறா. அதைக் கனடாவிலை செய்யக்கூடிய ஆக்கள் எத்தினை பேர் எண்டு எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சு ஒராள்."

"அட, அது நான் கண்டனான்தானே அண்ணை. அதுக்கு ஏன் ஒபிஸ் எண்டனீங்கள்? என்ரை பேத்தி வீட்டை வந்து அந்த அன்ரி மாதிரி ஓவனுக்குள்ளை கை வைக்கப்போறன் எண்டு நிண்டு, பெரிய கரைச்சல்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் ஒரு மாதத்துக்கு மேலாய்ச் சுமந்த பாரம் அவனுக்கு ஒரு பகிடி. கிளடிஸ் கார்ப் பக்கத்தில் நின்றாள். கேட்டது, எனக்குத் தெரியும். நான் வந்ததும் பின்சீற்றில் ஏறினாள்.

ஜூன் 23 — திங்கள்

பஸ்.

ஜூன் 26 — வியாழன்

மெலனி முன்னமே சொல்லியிருந்தாள், இன்றைக்கு மியூசியச் சபையிலிருந்து இரண்டு பேர் வந்து பார்ப்பார்கள், அவர்கள் சொல்வதை வைத்துத்தான் நாளைக்கு முடிவு என்று. கிளடிஸ் பஸ்ஸில் போய் ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு நானும் காரை எடுத்தேன். வாசலில் ரிக்கற் எடுத்தேன். சீனியருக்கு விலைக் கழிவு உண்டாம், வேண்டாம் முழு ரிக்கற் தாருங்கோ என்றேன். ஏன் அப்படிச் சொன்னேனோ.

அடுப்படிக்குள் போகவில்லை. கதவுக்கு வெளியே, பார்வையாளர்களுக்குப் பின்னால் நின்றேன். முன்வரிசையில் ஒரு வகுப்புப் பிள்ளைகள், ஓரத்தில் பேனையோடு இரண்டு பேர்.

கல் வெளுத்தது. தணலை வாரினாள். கையை உள்ளே விட்டாள். நானும் மனதுக்குள் சொன்னேன், அருள் நிறைந்த மரியே. அவள் கையை எடுத்ததும் நான் ஆமென் சொன்னதும் ஒரே நேரம்.

பாண் உள்ளே போனதும் கேள்விகள். ஒரு பிள்ளை கேட்டது: நீங்கள் இந்த வீட்டு வேலைக்காரியா? பேனை பிடித்த மனிசி நிமிர்ந்து பார்த்தா.

கிளடிஸ் ஏப்ரனில் கையைத் துடைத்தாள். அவளுடைய ஆங்கிலம், பாதி வினைச்சொல் இல்லாத ஆங்கிலம். ஆனால் ஒரு பிள்ளையும் அசையவில்லை. ஓம், வேலைக்காரி என்றாள். இந்த வீட்டில் என்னைப் போல ஆள் இருந்தது என்று பேப்பர் இல்லை. ஆனால் தெற்கே, வேர்ஜினியாவில், மேரிலாந்தில் இருந்தார்கள். என் நிறம். கப்பலில் கொண்டுவந்தார்கள். சிலரை விற்றார்கள். சிலர் ஓடிவிட்டார்கள். ஓடினதால்தான் எசமான் பத்திரிகையில் எழுதினான். அவன் எழுதினதால்தான் எங்களுக்குத் தெரியும்.

பிடித்தார்களா என்று இன்னொரு பிள்ளை கேட்டது.

பேப்பரில் அது இல்லை என்றாள். நான் ஒவ்வொரு நாளும் இந்த நெருப்பை மூட்டும்போது, பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

பிறகு சொன்னதுதான். இதெல்லாம் நான் கண்டுபிடிக்கவில்லை, என்னுடைய புருசன் லைப்ரரியில் மூன்று நாள் இருந்து தேடினார் என்றாள். எனக்கு ஆங்கிலம் வாசிக்கக் கஷ்டம், அவர் வாசித்துத் தருவார். அவர் நல்ல கெட்டிக்காரன் என்றாள்.

நான் அங்கே நிற்பது அவளுக்குத் தெரியாது. பதினான்கு நாளாக என்னோடு தேவைக்கு மேல் கதைக்காதவள், முப்பது பேருக்கு முன்னால், ஒருவரும் கேட்காமலே என்னைச் சொன்னாள். நான் அவளை ஒரே ஒருவன் கேட்டபோது மறைத்தேன்.

வெளியே வந்து காருக்குள் இருந்தேன். கனநேரம் இருந்தேன். கிழட்டு வயதில் கார்ப் பார்க்கில் இருந்து அழுத முதல் மனிசன் நானாகத்தான் இருப்பேன்.

ஜூன் 27 — வெள்ளி

வேலை நிரந்தரம். கடிதத்தை என்னிடம் தந்தாள், வாசித்துச் சொன்னேன். இரண்டாம் தரமும் வாசிக்கச் சொன்னாள்.

அதில் இன்னொன்றும் இருந்தது. செய்து காட்டி முடிந்த பாணை வேலையாட்கள் விரும்பினால் தங்கள் பொறுப்பில் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். மெலனி சபைக்கு எழுதி வாங்கியிருக்கிறாள். அந்த வரிக்குத்தான் கிளடிஸின் முகம் மலர்ந்தது.

கடிதத்தை மடித்து மாதா படத்துக்குப் பின்னால் வைத்தாள். அடுப்படிக்குப் போகும்போது திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "திங்கட்கிழமை காரிலை வாறன்."

ஜூலை 4 — வெள்ளி

கிளடிஸின் பாண், சம்பல். பக்டரிப் பாணை இருபத்திரண்டு வருடம் இலவசமாய்ச் சாப்பிட்டுச் சீரழிந்த வாய் எனக்கு.

ஜூலை 12 — சனி

கோடைக்கு விறகு தூக்க ஒரு தொண்டர் தேவை என்று மெலனி வாசலில் ஒட்டியிருந்தாள். போன கிழமை பெயர் கொடுத்தேன். முழங்காலோடோ என்று கிளடிஸ் கேட்டாள். கொத்தத்தான் ஏலாது, தூக்க ஏலும் என்றேன்.

இன்றுதான் முதல் நாள். எனக்கும் உடுப்பு. முழங்கால் வரை காற்சட்டை, நீளக் காலுறை, ஓரம் வளைந்த தொப்பி. நிரோஷினி படம் எடுத்து நெற்றில் போட்டுவிட்டாள், அன்புராசா பத்துமணிக்கே போன் எடுத்து அண்ணை பொன்னாடை போர்க்க வரட்டோ என்று கேட்டான். வாரும், முழு ரிக்கற் எடுத்துக்கொண்டு வாரும் என்றேன்.

மத்தியானம் கைநிறைய விறகோடு அடுப்படி வாசலுக்குப் போனேன். சப்பாத்தோடு உள்ளே போக எனக்கும் கால் கூசியது, அது உண்மை. வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று வழியில் நின்றது. தகப்பன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மரியாதையாகக் கேட்டான், நீங்கள்தான் இந்த வீட்டு எசமானா என்று.

"இல்லை," என்றேன். "எசமாட்டி உள்ளுக்கு நிற்கிறா. என்னுடைய மனைவி. நான் விறகு கொண்டு வருகிறவன்."

கிளடிஸ் திரும்பிப் பார்த்தாள். ஒரு கட்டையை எடுத்துக் கையில் நிறுத்துப் பார்த்தாள்.

"இது ஈரம். மாத்திக் கொண்டு வாங்கோ."

மாற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.